பொன்வரி தின்ற மாப்பிள்ளை

ராஜாவுக்கும் வெல்லம் வேண்டும், ராஜாவின் யானைக்கும் வெல்லம் வேண்டும் என்று இருந்த காலம் அது. அந்த ராஜாவைப் பற்றி இங்கே பேச்சில்லை. யானையைப் பற்றியும் இல்லை. அவர்களுக்கு வெல்லம் காய்ச்சிய கொட்டகை ஒன்று ஆற்றங்கரையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. அந்தக் கொட்டகையின் கூரை மூலையில் ஒரு சிலந்தி இருந்தாள். கதை அவளைப் பற்றியது. கேளுங்கள்.

அவள் பெயர் பொன்வரி. முதுகில் மஞ்சள் கோடுகள் ஓடியதால் அந்தப் பெயர்.

சிலந்திகளின் நடைமுறையை முதலில் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை பிடிபடாது.

சிலந்திகளுக்குக் கண் உண்டு. ஆனால் அதை நம்பி அவர்கள் ஒரு காரியமும் செய்வதில்லை. அவர்களுக்கு மூக்கு இருக்கும் இடம் கால். நூலின்மேல் காலை வைத்தால் போதும், அந்த நூலை நூற்றவள் யார், என்ன வயது, என்ன சாப்பிட்டாள், வயிறு நிறைந்ததா இல்லையா, எல்லாம் தெரிந்துவிடும். நமக்கு நூல் என்றால் தைப்பதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று. அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெண் ஓரிடத்தில் வலை கட்டி உட்கார்ந்திருப்பாள். ஆண் வயசுக்கு வந்ததும் வலை கட்டுவதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்குவான். வழியில் அகப்படுகிற நூலையெல்லாம் காலால் படித்துப் பார்ப்பான். ஈ தின்றவள் நூலில் ஈ வாசம். அந்துப்பூச்சி தின்றவள் நூலில் அந்து வாசம். வயிறு நிறைந்தவள் நூல் கமகமவென்று தூரத்திலேயே கூப்பிடும். பசித்தவள் நூல் தண்ணீர்போலச் சப்பென்று இருக்கும். பசித்தவள் வீட்டுக்கு ஆண்கள் போவதில்லை. காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குலத்தில் பெண் பெரியவள், ஆண் சிறியவன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வருகிறவன் ஓரத்தில் நின்று நூலை மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே இருப்பவள் பதிலுக்கு ஒரு முறை தட்டினால் ‘வா’ என்று அர்த்தம். தட்டாவிட்டால் ‘போ’ என்று அர்த்தம். தட்டாமல் நுழைகிறவன் ஈக்குச் சமம். அவனைத் தின்றால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தட்டியவனை ‘வா’ என்று கூப்பிட்ட பிறகு தின்பது மட்டும் கூடாது.

சட்டம் இவ்வளவுதான். பசிக்கு இந்தச் சட்டம் தெரியாது.

தை, மாசி இரண்டு மாதமும் பொன்வரிக்கு ஒரு குறையும் இல்லை. கீழே மாடுகள் ஆலையைச் சுற்றின. கரும்புச் சாறு கொப்பரையில் கொதித்தது. பாகு வாசனைக்கு ஈக்கள் மொய்த்தன. அவள் கையை நீட்டவே வேண்டியதில்லை, ஈக்கள் தாமாக வந்து வலையில் விழுந்தன. அப்போது அவள் சின்னப் பெண். தின்றாள், சட்டையைக் கழற்றினாள், மறுபடி தின்றாள், வளர்ந்தாள். அந்த நாளில் வலையின் ஓரத்திலிருந்து வாசல் தூண்வரை ஒரு நீளமான நூல் கட்டினாள். வாசல் நூல் என்று பெயர். அதில் ஈ வாசமும் வெல்ல வாசமும் சேர்ந்து ஊறியிருந்தன.

பங்குனியில் கரும்பு முடிந்தது. ஆட்கள் அடுப்பை அணைத்தார்கள். கொப்பரையை வண்டியில் ஏற்றினார்கள். மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பின்னாலேயே ஈக்களும் போய்விட்டன.

பொன்வரி வயசுக்கு வந்தது அந்த வாரத்தில்தான்.

கொட்டகை காலியாகக் கிடந்தது. சாம்பல், சக்கை, ஓர் உடைந்த அகப்பை. கூரை மூலையில் அவள். வலையைத் தின்று வலையைக் கட்டினாள். சிலந்திகள் அப்படித்தான் செய்வார்கள். பழைய நூல் வயிற்றுக்குள் போய் மறுநாள் புது நூலாக வெளியே வரும். வாசல் நூலை மட்டும் அவள் தின்னவில்லை. அது நீளம். மறுபடி கட்ட அவளுக்கு வலு இல்லை. காரணம் அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் காலை வாசல் நூல் மூன்று முறை அதிர்ந்தது.

வந்தவன் பெயர் செங்காலன். சிவந்த கால்கள், நல்ல உயரம். வாசல் நூலைப் படித்துவிட்டு வந்திருந்தான். நூல் சொன்னது: உள்ளே ஒருத்தி இருக்கிறாள், நிறையச் சாப்பிட்டவள், பயமில்லாமல் போகலாம். நூல் பொய் சொல்லவில்லை. பழைய செய்தியைச் சொன்னது, அவ்வளவுதான்.

பொன்வரி கேட்டாள். ஒரு முறை தட்டினாள்.

தட்டும்போது அவளுக்குத் துணைதான் வேண்டியிருந்தது. அவன் பக்கத்தில் வந்தபோது வேண்டியது மாறிவிட்டது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. வலையில் சிவந்த கால் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் அவள் கீழே தள்ளிவிட்டாள்.

வயிறு நிறைந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, சிலந்திகள் அழுவதில்லை. தெம்பு வந்ததும் முதல் வேலையாகப் பழைய வாசல் நூலைத் தின்றுவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினாள். கட்டி முடித்துக் காலை வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது.

நூல் முழுக்கச் செங்காலன் வாசம் அடித்தது.

தின்றது எதுவோ அதுதானே நூலில் பேசும்.

அன்றைக்கு மாலை இரண்டு பேர் அந்த வழியாக வந்தார்கள். இரண்டு பேரும் பெண் தேடிப் போகிறவர்கள்.

“காலை வச்சுப் பாரு மாப்ளே.”

“வச்சேன்.”

“என்ன எழுதியிருக்கு?”

“ஆம்பளை வாசம் அடிக்குது.”

“அப்ப ஏற்கெனவே குடித்தனம் நடக்குது. நமக்கென்ன வேலை, வா.”

போய்விட்டார்கள். அடுத்து வந்தவன் விவரமானவன். ஒரு காலை வைத்தான். இன்னொரு காலை வைத்தான். மூன்றாவது காலை வைக்காமலே, வைத்த இரண்டையும் மெதுவாக எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அதற்கும் அடுத்து வந்தவன் துணிச்சல்காரன். தூணில் நின்று உள்ளே பார்த்துச் சொன்னான்:

“தாயே, மாப்பிள்ளைப் பலகாரம் நல்லா இருந்துச்சா? அடுத்த வேளைக்கு என்னை எதிர்பார்க்காதீங்க.”

அதன் பிறகு ஒருவரும் வரவில்லை.

பொன்வரி அந்த வாசத்தைப் போக்கப் பார்த்தாள். முதலில் வலை முழுவதையும் தின்றுவிட்டு மறுபடி நூற்றாள். உள்ளே போனதுதான் வெளியே வந்தது. வாசம் அப்படியே இருந்தது. பிறகு அடுப்படியில் காய்ந்துகிடந்த பாகுப் பொருக்கில் நூலைத் தேய்த்துக் கட்டினாள். எறும்புகள் வரிசையாக வந்து பாகை நூலோடு இழுத்துக்கொண்டு போயின. கடைசியில் வேலியோரம் இருந்த நொச்சி இலைச் சாற்றில் நூலைத் தோய்த்துக் கட்டிப் பார்த்தாள். ஆண்கள் வரவில்லை. கொசுக்களும் வருவதை நிறுத்திக்கொண்டன. அதையும் அவளே பிய்த்துப் போட்டாள்.

மூன்றும் வீணாயின. சாயங்கால நேரங்களில் அவள் சும்மா உட்கார்ந்து நூலை ஒரு முறை தட்டுவாள். ‘வா’ என்று அர்த்தம். யாரையும் நினைத்துத் தட்டியதில்லை. அந்த அதிர்வு தூண்வரை போகும். தூண் பதில் சொல்லாது. அவள் காலை எடுத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கையில் ஒரு காலை வாசல் நூலை யாரோ தொட்டார்கள். மூன்று முறை தட்டவில்லை. தொட்டுவிட்டு நேரே பேசினார்கள்.

“அண்ணே.”

பொன்வரி காலை நூலிலேயே வைத்துக் கேட்டாள்.

“அண்ணே, நான்தான் குறுங்காலன். உன் வாசம் வேலி வரைக்கும் வருது, உன்னைத்தான் காணோம். வீடு வாசல்னு ஆயிட்டா தம்பி மறந்துபோயிடுமா?”

பதில் இல்லாததால் அவன் கொஞ்சம் கூச்சப்பட்டான். பிறகு கேட்டான்:

“உள்ளே யாரு? மதினியா?”

பொன்வரியை அதுவரை ஒருவரும் முறை வைத்து அழைத்ததில்லை. அந்த ஒரு சொல் நூல் வழியாக ஓடிவந்து அவளுடைய எட்டுக் காலிலும் ஏறியது.

“ஆமா,” என்றாள்.

“அண்ணன் இல்லையா மதினி?”

“அவர் வெளியே போயிருக்கார்.”

‘அவர்’ என்ற சொல்லை அவள் அன்றுதான் முதல் முறையாகச் சொன்னாள். நல்ல சொல்லாகத்தான் இருந்தது. வாயில் நின்றது.

“எப்ப வருவான்?”

“சொல்லிட்டுப் போகலை.”

“அதானே அவன் வழக்கம். முட்டைப் பையை விட்டு வெளியே வந்த அன்னிக்கே சொல்லாமக் கொள்ளாமப் புல் நுனியில ஏறிக் காத்துல நூலை விட்டுப் பறந்தவன். அப்புறம் நான்தான் தேடிப் பிடிச்சேன்.” குறுங்காலன் சிரித்தான். “நான் இங்கே தூணிலேயே உட்கார்ந்திருக்கேன். அவன் இல்லாத வீட்டுக்குள்ள நான் வரப்படாது.”

உட்கார்ந்தான். வெயில் ஏறும்வரை இருந்தான். அண்ணன் வரவில்லை. “போயிட்டு வர்றேன் மதினி,” என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி மறுநாள் காலையும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

அவனுக்கு நூல் படிக்கச் சரியாக வராது. சிறு வயதில் ஒரு பல்லி அவன் முன்காலைப் பிடித்துக்கொண்டது. காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உயிர் தப்பினான். மறுபடி முளைத்த கால் குட்டையாகவும் மந்தமாகவும் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். அதனால்தான் அண்ணன் வாசம் இருந்த இடத்தில் அண்ணன் இருக்கிறான் என்றும் நம்பினான்.

“எனக்கு எல்லாம் அண்ணன்தான் படிச்சுச் சொல்லுவான் மதினி. ‘இவ வேண்டாம்டா, ரெண்டு நாளாச் சாப்பிடலை’ம்பான். ‘இவ வேண்டாம், கிழவி’ம்பான். அவன் கால் தப்பாது. அப்படி அலசிப் பார்த்தவன் உங்க நூலைப் பார்த்ததும் என்னைக்கூடக் கூப்பிடாம வந்துட்டான்னா பாருங்க.”

“என்ன சொன்னார்?”

“‘மணக்குதுடா’ன்னான். அவ்வளவுதான். அந்தப் பக்கம் திரும்பினா ஆளைக் காணோம்.”

இன்னொரு நாள் சொன்னான், அண்ணனுக்கு மழை என்றால் பயமாம். இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, மழை விட்டாலும் வெளியே வர மாட்டானாம். தம்பிதான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டுமாம்.

பொன்வரிக்குச் செங்காலனின் ருசி தெரியும். அவனுக்கு மழை பயம் என்பது இப்போதுதான் தெரிந்தது. 

பேச்சுத் துணை கிடைத்ததே தவிர சாப்பாடு கிடைக்கவில்லை. ஒருநாள் ஒரு கொசு. இன்னொரு நாள் காய்ந்துபோன ஒரு வண்டு, அதில் ஒன்றும் இல்லை. நூலை அவள் மாற்றிக் கட்டவே இல்லை. மாற்றினால் இப்போது தின்ற கொசு வாசமும் கலந்து செங்காலன் வாசம் குறைந்துவிடும். வாசம் குறைந்தால், போன அண்ணன் திரும்ப வரவே இல்லை என்று தம்பிக்குத் தெரிந்துவிடும். பழைய நூலையே கிழிந்த இடத்தில் முடிந்து வைத்துக்கொண்டிருந்தாள். பூச்சி பிடிக்கும் பசை அதில் போய்விட்டிருந்தது. மதினி என்ற அந்தச் சொல்லுக்காக அவள் பட்டினி கிடந்தாள் என்று சொன்னாலும் தவறில்லை.

அப்போது ஒன்று நடந்தது. குறுங்காலன் வழக்கம்போலத் தூணில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். தூணின் மறுபக்கத்திலிருந்து ஒரு பல்லி தலையை நீட்டியது. ஏற்கெனவே பல்லியிடம் ஒரு காலைக் கொடுத்தவன் அல்லவா. யோசிக்காமல் குதித்தான். நேரே பொன்வரியின் வலைக்கு நடுவில் விழுந்தான்.

அவன் தட்டவில்லை. வழக்கப்படி அவன் ஈ.

பொன்வரி நினைப்பதற்கு முன்பே அவளுடைய கால்கள் போய்விட்டன. அவன்மேல் முன்கால்கள் நான்கும் படிந்துவிட்டன. அவன் உடம்பு அவளுக்கு அடியில் சின்னதாக, சூடாக இருந்தது. பல்லைப் பதிக்க வேண்டியதுதான் பாக்கி.

“மன்னிச்சிடுங்க மதினி,” என்றான் அவன். “பல்லி.”

குரலில் பயமே இல்லை. பயமெல்லாம் பல்லியோடு போய்விட்டிருந்தது. அண்ணன் வீட்டில் விழுந்தவனுக்கு என்ன பயம்?

பொன்வரி ஒரு காலை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு காலை எடுத்தாள். கடைசியில் நான்கையும் எடுத்துவிட்டாள்.

“பல்லி போயிடுச்சு. நீங்க தூணுக்குப் போங்க தம்பி,” என்றாள். “சீக்கிரம் போங்க.”

அவன் போனான். ஆனால் அன்றைக்கு அவன் பேசவில்லை. தூணில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக உரசிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறியது. வழக்கமாகக் கிளம்பும் நேரம் வந்தும் கிளம்பவில்லை.

“மதினி, ஒண்ணு கேட்கலாமா?”

“கேளுங்க தம்பி.”

“உள்ளே விழுந்தப்ப எட்டுக் காலும் நூல்ல பட்டுது. எட்டுலயும் அண்ணன் வாசம். எனக்குப் படிக்க வராதுதான். ஆனா ஆள் நடமாடுற வீட்டுல வாசம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும், அதுகூடத் தெரியாதவன் இல்லை. இங்கே எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. இது மேல ஒட்டின வாசம் இல்லை. நூலோட பிறந்தது.”

பொன்வரி முடிச்சுப் போட்ட இழையைக் காலால் மூடிக்கொண்டாள்.

குறுங்காலன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கெஞ்சுகிறவன் குரல் அது.

“அவன் அவசரக்காரன் மதினி. எதுக்கும் பொறுக்க மாட்டான். தட்டாம நுழைஞ்சிருப்பான். அப்படித்தானே? தட்டாம வந்தவனை உங்களுக்கு எப்படித் தெரியும்? ஈன்னு நினைச்சிருப்பீங்க. அப்படின்னா உங்க பேர்ல தப்பு இல்லை, வழக்கமே அதுதான். ஆமான்னு சொல்லிடுங்க. நான் பாட்டுக்கு எப்பவும்போலக் காலையில வந்துட்டுப் போறேன். எனக்கும் வேற யாரு இருக்கா?”

கேட்பவர்களே, அவள் நிலைமையைப் பாருங்கள். ‘ஆமா’ என்று ஒரு சொல் போதும். சாட்சி யாரும் இல்லை. கேட்கிறவனே வழி சொல்லிக் கொடுக்கிறான். அவனுக்கும் அந்தப் பொய்தான் வேண்டும். சொல்லிவிட்டால் நாளைக் காலையும் மதினி என்று ஒரு குரல் கேட்கும். சொல்லாவிட்டால் தூண் மட்டும்தான்.

“தட்டினார்,” என்றாள் பொன்வரி.

அவன் உரசிக்கொண்டிருந்த காலைக் கீழே வைத்தான்.

“மூணு தடவை தட்டினார். அவசரப்படலை. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பொறுத்து, மரியாதையாத் தட்டினார்.”

“நீங்க?”

“நான் ‘வா’ன்னு தட்டினேன்.”

வெளியே கரும்புத் தட்டையில் காற்று உரசுகிற சத்தம் மட்டும் இருந்தது.

“அவர் கால் தப்பாப் படிக்கலை தம்பி. நூல்தான் பழசு. ஈ இருந்த காலத்து நூலை நான் எடுக்காம விட்டிருந்தேன். நூல் ஒண்ணு சொல்லுது, வயிறு வேற சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தட்டினேன்.”

குறுங்காலன் எழுந்தான்.

“அந்த நூலை எடுத்துக்கிறேன்,” என்றான்.

பொன்வரி விலகிக் கூரைக் கழியில் போய் நின்றாள். அவன் ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் இழையாக வெட்டினான். வெட்டியதைச் சுருட்டினான். வலை முழுவதையும் எடுத்தான், முடிச்சுப் போட்ட இடத்தையும் விடவில்லை. எரித்த இடத்தில் எலும்பு பொறுக்கி ஆற்றுக்குக் கொண்டுபோகிறோமே, அந்தப் பதமாகத்தான் செய்தான். கடைசியில் அது ஒரு சின்ன உருண்டையாக அவன் காலுக்கு நடுவில் இருந்தது.

தினமும் “போயிட்டு வர்றேன் மதினி” என்று சொல்கிறவன் அன்று “போறேன்” என்றான். மதினி என்று சொல்லவில்லை.

அவள் வெறும் கழியில் நின்றாள். எட்டுக் காலும் பரப்பி நிற்பதற்கு ஒரு நூல்கூட இல்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தாள். பிறகு வயிற்றில் மிச்சமிருந்ததைக் கொண்டு தூண் பக்கமாக நாலைந்து இழை நூற்றாள். அதை வலை என்று சொல்ல முடியாது. காலை வைத்துப் பார்த்தாள். செங்காலன் இல்லை. ஈ இல்லை, வெல்லம் இல்லை. தண்ணீர்போல இருந்தது. பசி என்ற ஒன்றை மட்டும் சொன்னது.

குறுங்காலன் நடந்ததை வெளியே சொன்னான். வேலியில் கள்ளிச் செடி ஒன்று உண்டு. பெண் தேடிப் போகிற ஆண்கள் வெயிலுக்கு அங்கே ஒதுங்குவார்கள். அங்கே சொன்னான். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை.

“கூப்பிட்டுத் தின்னவளா? அந்தக் கொட்டகைப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே,” என்றான் ஒருவன்.

“சுத்திப் போனாலும் பரவாயில்லை,” என்றான் இன்னொருவன்.

சாம்பன் என்று ஒருவன் அங்கே இருந்தான். சாம்பல் நிறம், மெதுவான பேச்சு. எதையும் மூன்று முறை கேட்டால்தான் அவனுக்குப் புரியும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

“தட்டாம நுழைஞ்சானான்னு நீயே கேட்டியா?” என்றான் சாம்பன்.

“கேட்டேன்.”

“அவ ஆமான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

“நம்பியிருப்பேன்.”

“சொல்லலை?”

“சொல்லலை.” குறுங்காலன் எழுந்து வேறு கிளைக்குப் போய்விட்டான்.

“இவனுக்கு இதுல என்ன கணக்கு?” என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சாம்பன் கொட்டகை இருக்கும் பக்கம் பார்த்தான்.

மறுநாள் காலை கொட்டகைத் தூணில் ஒருவன் வந்து நின்றான். நூலைத் தட்டவில்லை. காலைக்கூட அதன்மேல் வைக்கவில்லை. நூல் என்ன சொல்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவளிடமே கேட்டான்.

“பசியா?”

பொன்வரி அவனைப் பார்த்தாள். குறுங்காலனுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் குரல் அது.

“ஆமா,” என்றாள். “போயிடுங்க.”

அவன் போய்விட்டான். காலை நீட்டினால் எட்டும் தூரத்தில் வந்தவனைத் தன் வாயாலேயே துரத்திவிட்டோமே என்று நினைத்தபடி அன்று முழுக்க அவள் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அதே ஆள் வந்தான்.

“பசியா?”

“ஆமா. அன்னிக்கைவிட அதிகம். கிட்ட நிற்காதீங்க.”

“சரி,” என்றான் சாம்பன். இன்னும் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். கொப்பரை இருந்த இடத்தைப் பார்த்தான். “இங்கே ஒருத்தரும் வர்றதில்லையா?”

“இல்லை.”

“சரி,” என்றான் மறுபடியும். அப்புறம் போனான்.

அந்த வாரம் கோடை மழை பெய்தது. அடித்துப் பெய்து சாயங்காலம் விட்டது. ஈர மண்ணிலிருந்து ஈசல் கிளம்பியது. கொட்டகைக்குள் இறக்கையாகப் பறந்தது. பொன்வரியின் நாலைந்து இழையும் தாங்கவில்லை. பிய்ந்த இழையிலேயே தொங்கிக்கொண்டு தின்றாள். நூற்றாள். நூற்றதில் விழுந்ததைத் தின்றாள். செங்காலனுக்குப் பிறகு அவள் வயிறு நிறைந்தது அன்றுதான். விடிகாலையில் புதிதாக ஒரு வலையும், தூண்வரை ஒரு நூலும் கட்டி முடித்திருந்தாள்.

வெயில் வந்ததும் சாம்பன் வந்தான்.

“பசியா?”

“இல்லை,” என்றாள் பொன்வரி.

அவன் காத்திருந்தான். அவளும் அவசரப்படவில்லை. தன் வயிற்றை ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“இன்னிக்கு வரலாம்.”

சாம்பன் நூலில் காலை வைத்தான். மூன்று முறை தட்டினான். அவள் ஒரு முறை தட்டினாள். அவன் நடந்து வரும்போது அவள் முன்கால் நான்கையும் மடக்கித் தன் அடியில் வைத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் வந்தான். கால்கள் மடங்கியபடியே இருந்தன.

மதியம் சாம்பன் கிளம்பினான். அந்தக் குலத்தில் தங்குகிற ஆணும் உண்டு, நடந்துகொண்டே இருக்கிறவனும் உண்டு. சாம்பன் தங்கவில்லை. எட்டுக் காலும் சரியாக இருந்தன. அவள் ‘வா’ என்று தட்டிக் கூப்பிட்டவர்களில் வாசல் நூலின்மேல் வெளியே நடந்து போன முதல் ஆண் அவன்தான். அவன் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியும் நூலில் அவளுக்குத் தெரிந்தது. அடிகள் லேசாகிக்கொண்டே போயின. தூண் வந்ததும் நின்றுவிட்டன.

பொன்வரி மறுபடி தனியாக இருந்தாள். முட்டைக்குப் பை நூற்கத் தொடங்கினாள்.

கதை இதுதான், கேட்டவர்களே: தன் குற்றத்தை மறைக்காமல் ‘வராதே’ என்று உண்மை சொல்லத் தெரிந்தவர் ‘வா’ என்று அழைத்தால்தான் அதை நம்பி ஒருவர் நடந்து போக முடியும்.